ஏழாவது மதகில் விழுந்தது எது

மேவிஸ் டிரப்ஷாவை அரங்கின் கடைசி வரிசையில் உட்கார வைத்து, ஒரு கண்ணைத் துணியால் கட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோகிற ஓர் ஆளை மட்டும் காட்டினால் போதும். அவன் மேல்கோட்டுப் பையில் இருப்பது அசல் துப்பாக்கியா, ரப்பர் டம்மியா என்று சொல்லிவிடுவாள். அசல் என்றால் உள்ளே எத்தனை தோட்டா என்பதையும் சொல்லிவிடுவாள். அந்த ஆள் காலையில் சாப்பிட்டானா, சாப்பாட்டு மேசையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டானா என்பதெல்லாம் கூடவே வரும். தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னது வேறு யாருமில்லை, மேவிஸேதான். ஊர் மதுக்கடையில், ஒரு வெள்ளிக்கிழமை, அரை கிளாஸ் ஷெர்ரி குடித்துவிட்டு. ஊர் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டாக்களின் எண்ணிக்கையோடு அவற்றின் தயாரிப்பு வருடமும் சேர்ந்துகொண்டது.

சிரிக்காத ஒரே ஆள் சார்ஜன்ட் ஆஸ்வல்ட் பிளாகெட். ஊருக்கு வெளியே, உயரமான வேலிச் செடிகளுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டுடியோவில் முப்பது வருடம் ஆயுத அறைக்குத் தலைவராக இருந்தவர். ராணுவத்திலிருந்து நேராக அங்கே வந்ததால் எண்பத்தொரு வயதிலும் அவர் சார்ஜன்ட்தான். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நனைந்த பிறகுதான் ஒப்புக்கொள்வார்.

"தையல்காரிக்குத் துப்பாக்கி தெரியும்னா, நான் நாளைக்குக் கவுன் தைக்கிறேன்" என்றார்.

"தைங்க சார்ஜன்ட். உங்க இடுப்புக்கு நாலு கஜம் கூடுதலா வேணும்" என்றாள் மேவிஸ்.

அதே ஸ்டுடியோவின் காஸ்ட்யூம் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் அவள். அங்கே எடுத்த ஒற்றர் படங்களில் ஓடிய, தாவிய, குண்டு பட்டும் செத்துப் போகாத மேல்கோட்டுகளில் பாதி அவள் கைப்பட்டவை. மீதிப் பாதியும் தன் கைப்பட்டவைதான் என்பாள். அவள் இஸ்திரி போட்ட கோட்டைப் பார்த்து எதிரி நாட்டு ஒற்றர்கள் நிஜமாகவே சரணடைந்தார்கள் என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கேலியெல்லாம் ஒரு வியாழக்கிழமை காலையோடு நின்றது.

அன்று தபால்காரன் நைஜல் கெண்ட்ரிக் கடிதத்தோடு ஒரு கட்டுத் தாளையும் கொண்டுவந்தான். அவன்தான் ஊர் திரைப்படச் சங்கத்துக்குச் செயலாளர். ஆறு வருடமாக ஒரு புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தான். அந்த ஸ்டுடியோவில் எடுத்த ஒவ்வோர் ஒற்றர் படத்திலும் வருகிற ஒவ்வொரு துப்பாக்கியும் அசலா டம்மியா என்று வரிசையாக எண் போட்டுச் சொல்கிற புத்தகம். நானூற்றுச் சொச்சம் துப்பாக்கிகள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. எழுத்துப் பிழை பார்க்க ஆளுக்குக் கொஞ்சம் பக்கம் கொடுத்துக்கொண்டு வந்தான்.

மேவிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணில் நின்றுவிட்டாள்.

'ஏழாவது மதகு, 1967. கதாநாயகன் கால்வாயில் குதிக்கும் காட்சி. வலது பையில் கைத்துப்பாக்கி: அசல். நீரில் விழுந்து தொலைந்தது. தவறாக வழங்கியவர்: ஆர். டிரப்ஷா.'

ஆர். டிரப்ஷா என்றால் ராய். அவள் புருஷன். ஆயுத அறையில் சார்ஜன்டுக்குக் கீழே வேலை பார்த்தவன். அந்தத் துப்பாக்கிக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டு, பிறகு எந்த ஸ்டுடியோவும் சேர்த்துக்கொள்ளாமல், முப்பது வருடம் புல்வெட்டும் எந்திரங்களைப் பழுது பார்த்தவன். மூன்று வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தான். "நான் குடுத்தது டம்மி, மேவிஸ்" என்பதை அவன் வாரத்துக்கு ஒருமுறையாவது, தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடும்போது, செடியிடம் சொல்வதுபோலச் சொல்வான்.

"நைஜல் கண்ணு, இந்த வரிய எடுத்துடு" என்றாள்.

நைஜல் தொப்பியைக் கழற்றினான். "எப்படி எடுக்கறது, மேவிஸ்? ஆயுத அறை ஏட்டுல ராயோட கையெழுத்து இருக்கு. சார்ஜன்ட் சொன்னதத்தான் எழுதியிருக்கேன். அவரு மாத்தச் சொன்னா இன்னைக்கே மாத்திடறேன்."

"மாத்தச் சொல்லுவாரு."

"சார்ஜன்டா? அவரு கடிகாரத்தக்கூட மாத்தமாட்டாரு. கோடைகாலத்துல ஊரே கடிகாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வெக்கும், அவரு மட்டும் ஒரு மணி நேரம் லேட்டாத்தான் வர்றாரு."

"சனிக்கிழமை அந்தப் படத்த ஹால்ல போடு. புதுசா கழுவி வந்திருக்குன்னியே, அந்தப் பிரதி. முழுசா, ஓரம் வெட்டாம போடணும்."

அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. வெளியானபோது ராய் அந்தத் தியேட்டர் இருக்கிற தெருவில்கூட நடக்கமாட்டான். பிறகு தொலைக்காட்சியில் வந்தது. ஆனால் பெட்டிக்குள் அடக்குவதற்காகப் படத்தின் அடிப்பகுதியை வெட்டிவிட்டார்கள். கதாநாயகனுக்கு முழங்காலுக்குக் கீழே எதுவுமே இல்லை. மேவிஸுக்கு வேண்டியதோ கோட்டின் அடி ஓரம்.

செய்தி அன்று மதியத்துக்குள் சார்ஜன்டிடம் போய்விட்டது. அவர் பதில் அனுப்பினார்: தையல்காரியின் பேச்சை நம்பிப் புரொஜக்டரைத் துடைக்க முடியாது. கடைசி வரிசை, ஒரு கண் என்று பீற்றிக்கொண்டாளே, அதை முதலில் செய்து காட்டட்டும். தோற்றால் படமும் கிடையாது, பேச்சும் கிடையாது.

மேவிஸ் அந்தச் சீட்டை அடுப்புக்கு மேலே செருகி வைத்தாள். பிறகு ராயின் பழைய கோட்டை எடுத்து, பையில் முதலில் சுத்தியலைப் போட்டு, பிறகு அரைக் கிலோ வெண்ணெயைப் போட்டு, கண்ணாடி முன்னால் இரண்டு நாள் நடந்தாள். வெண்ணெய் உருகியதுதான் நஷ்டம்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மாதாகோயில் ஹாலில் நிற்க இடமில்லை. அறுபது நாற்காலி போட்ட இடத்தில் நானூறு பேர் இருந்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே முந்நூற்று எண்பதுதான், ஆனாலும் அப்படித்தான் சொன்னார்கள். தேநீர் அண்டாவுக்குப் பக்கத்தில், ஹாலில் தேநீர் போடுகிற எட்னா நின்றாள். மேவிஸின் இடது கண்ணைக் கட்டியது எட்னாவின் தட்டுத் துடைக்கிற துண்டுதான். வெங்காய வாசனை அடித்தது.

"இறுக்கிக் கட்டு எட்னா. அப்புறம் பாத்துட்டான்னு சொல்லப்போறாரு."

"இதுக்கு மேல இறுக்கினா மண்டை கழண்டுடும்."

மேடையில் சார்ஜன்ட் ஏற்பாடு செய்த மூன்று பேர், மூன்று மேல்கோட்டுகள். கசாப்புக்கடை லென், பாதிரியார், நைஜல். மூவரும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

லென் நடந்தான்.

"அசல்" என்றாள் மேவிஸ். "சுட முடியாதபடி அடைச்சு வெச்ச அசல். உங்க வீட்டுக் கண்ணாடிப் பெட்டில இருக்கறது. சரியா சார்ஜன்ட்?"

 சார்ஜன்டின் மீசை கொஞ்சம் அசைந்தது.

"எப்படிச் சொல்றீங்க?" என்றான் முன் வரிசையில் ஒருவன்.

"வலது தோள் கீழ இழுக்குது. அது தெரியக்கூடாதுன்னு லென் அந்தத் தோளைத் தூக்கறான். கழுத்துக்குப் பின்னால காலர் ஒரு விரல் அகலம் விலகி நிக்குது பாரு. ஒரு கிலோ இரும்பு இல்லாம அப்படி நிக்காது."

பாதிரியார் நடந்தார். ஒரு பக்கம் சாய்ந்து, காலை இழுத்து, பையில் பீரங்கியே இருப்பதுபோல.

"டம்மி. ஃபாதர், நீங்க மேடையில பேசறப்பவும் இப்படித்தான் கொஞ்சம் ஜாஸ்தியா நடிக்கிறீங்க. உடம்பு சாயுது, கோட்டு சாயல. ரப்பர் பையில இருந்தா கோட்டு காத்துல பறக்கும்."

ஹால் சிரித்தது. பாதிரியாரும் பையிலிருந்து ரப்பரை எடுத்துக் காட்டிவிட்டு, தானே கைதட்டினார்.

நைஜல் நடந்தான். மேவிஸ் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "இன்னொரு தடவ நட" என்றாள். நடந்தான். சார்ஜன்ட் முதல்முறையாகப் புன்னகை செய்தார்.

"கனம் இருக்கு" என்றாள் மேவிஸ் மெதுவாக. "ஒரு கிலோவுக்குக் குறையாது. ஆனா துப்பாக்கி இல்ல. துப்பாக்கி பையில படுத்தா ஒரே மூலையக் குத்திக்கிட்டுக் கிடக்கும். இது ஒவ்வொரு அடிக்கும் இடம் மாறுது. உருளுது." கட்டாத கண்ணைச் சுருக்கினாள். "காய்கறி. உருளைக்கிழங்கு. ரெண்டு. பெருசு ஒன்னு, சின்னது ஒன்னு."

நைஜல் பையில் கைவிட்டான். இரண்டு உருளைக்கிழங்கை எடுத்து உயர்த்தினான். பெரியது ஒன்று, சிறியது ஒன்று.

எட்னா தேநீர்க் குழாயை மூட மறந்து, அண்டாவில் பாதி தரையில் ஓடியது. உருளைக்கிழங்கின் ரகத்தையும் அது விளைந்த தோட்டத்தையும் மேவிஸ் சொன்னாள் என்று இப்போதும் ஊரில் பேச்சு உண்டு. அன்று அவள் சொல்லவில்லை. அடுத்த வாரம்தான் சொன்னாள்.

"குருட்டாம்போக்கு" என்றார் சார்ஜன்ட். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். புரொஜக்டர் பக்கம் கையைக் காட்டினார்.

மேவிஸ் கண்கட்டை அவிழ்த்தாள்.   இனிமேல் திரையில் வரப்போவது என்னவென்று அவளுக்குத் தெரியாது. கேமரா கோட்டின் ஓரத்தைப் பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் போயிருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ராயின் பெயர் அச்சாகிவிடும்.

படம் ஓடியது. பனிமூட்டம், கால்வாய்க் கரை, பழைய மதகு. கதாநாயகன் சாம்பல் நிற மேல்கோட்டில் நமக்கு முதுகைக் காட்டி ஓடுகிறான். பின்னால் நாய்கள். தலை முதல் பூட்ஸ் வரை முழு உருவமும் திரையில் தெரிந்தது.

"நிறுத்து" என்றாள்.

நைஜல் நிறுத்தினான். படம் அப்படியே நின்றது. கோட்டின் வலது ஓரம் கொடிபோல் பறந்துகொண்டிருந்தது. இடது ஓரம் மட்டும் யாரோ பிடித்து இழுப்பதுபோல நேராகக் கீழே தொங்கியது.

"பாத்தீங்களா சார்ஜன்ட்? துப்பாக்கி இருக்கற பக்கம் பறக்குது."

சார்ஜன்ட் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். நிழல் மறைக்காமல் ஒதுங்கி நின்று பார்த்தார். அவர் நேர்மையில்லாதவர் அல்ல. கண்ணுக்குத் தெரிவதை இல்லை என்று சொல்லமாட்டார்.

"இடது பக்கம் தொங்குதே, அது ஏன்?" என்றார். "இடது பையில துப்பாக்கிய மாத்தி வெச்சிருப்பான். கனம் அங்க இருக்கு. அசல்தான்னு ஆகுது."

"இடது பக்கம் பையே கிடையாது. அந்தக் கோட்ட நான் தெச்சேன். வலது பக்கம் மட்டும்தான் பை."

"அப்ப அது என்ன கனம்?"

ஹால் அவளைத் திரும்பிப் பார்த்தது. மேவிஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முப்பத்தொரு வருட வேலையில் தன் கோட்டு ஒரு நாளும் கோணலாகத் தொங்கியதில்லை என்று அவள் இந்த ஹாலிலேயே நூறு முறை சொல்லியிருக்கிறாள். அவளுடைய பீற்றல்களில் இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் நம்பினார்கள்.

"ஈயம்" என்றாள். "வலது பையில அசல் வெச்சா கோட்டு அந்தப் பக்கம் இழுக்கும். அதனால இடது ஓர மடிப்புக்குள்ள ஈயக் குண்டு போட்டுத் தெச்சுருவேன். ரெண்டு பக்கமும் சமமா நிக்கும். டம்மி வெக்கறப்ப ஈயத்தப் பிரிச்சு எடுத்துடணும். அதான் முறை. அசலும் ஈயமும் இருந்தா கோட்டு நேரா நிக்கும். டம்மி இருந்து, ஈயம் இல்லைன்னாலும் நேரா நிக்கும். இப்படிக் கோணிக்கிட்டுத் தொங்கறதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு. பையில டம்மி. ஓரத்துல ஈயம்."

"ஈயத்தப் பிரிச்சுட்டேன்னு துப்பாக்கி தொலைஞ்ச விசாரணையில நீ சொன்ன" என்றார் சார்ஜன்ட். "என் கையால எழுதினேன்."

"சொன்னேன். பொய்."

 எட்னா அப்போதுதான் குழாயை மூடினாள்.

"அன்னைக்குப் பதினோரு மணிக்கு டைரக்டர் மனசு மாறினாரு" என்றாள் மேவிஸ். "டூப் வேண்டாம், ஹீரோவே குதிக்கட்டும்னாரு. அசல வெச்சுக்கிட்டுக் குதிச்சா விலா எலும்பு போயிடும்னு ராய் டம்மிய மாத்தினான். என் காஸ்ட்யூம் வண்டி ஜன்னல்ல வந்து, 'மாத்திட்டேன், ஈயத்த எடுத்துடு'ன்னான். நான் கத்தரியக் கையில எடுத்துட்டேன். அப்பத்தான் தள்ளுவண்டி வந்துச்சு. பன்றி வறுவல் வெச்ச ரொட்டி. அந்த வாசனை உங்களுக்கெல்லாம் தெரியும். கத்தரிய வெச்சுட்டு வரிசையில போய் நின்னேன். திரும்பி வந்தப்ப கோட்டப் போட்டுக்கிட்டு ஆள் போயாச்சு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றான் நைஜல்.

"சொன்னா எனக்கும் வேலை போகும். வாடகை வீடு, கைக்குழந்தை. ராய்தான், 'ரெண்டு பேர்ல ஒருத்தராவது உள்ள இருக்கணும், வாயத் தொறக்காதே'ன்னான். அவன் இருக்கற வரைக்கும் தொறக்கல. அவன் பேரு புத்தகத்துல ஏறப்போகுதுன்னா இனி மூடி வெக்க முடியாது. என் பேரப் போட்டு எழுதிக்க கண்ணு. காஸ்ட்யூம்ல தப்பு பண்ணினது மேவிஸ் டிரப்ஷா. துப்பாக்கில தப்பு பண்ணினது ராய் டிரப்ஷா இல்ல."

சார்ஜன்ட் திரையை விட்டு வரவில்லை. "டம்மின்னே வெச்சுக்குவோம். அப்ப அசல் எங்க? ராய் மாத்தினான்னா அசல ஆயுத அறைக் கவுன்டர்ல திருப்பி வெச்சிருக்கணும். அங்க இல்ல. ஏட்டுல அவன் கையெழுத்து அப்படியே இருக்கு."

"எல்லாரும் காலைலயே மொத்தமாக் கையெழுத்துப் போடுவீங்க, அன்னைக்கு எடுக்கப்போற எல்லாத்துக்கும். அது உங்க அறை வழக்கம்."

"கவுன்டர்ல வெச்சிருந்தா நான் பாத்திருப்பேன். அன்னைக்குப் பூரா நான் கவுன்டர விட்டு நகரல."

மேவிஸ் கடைசி வரிசையிலிருந்து மெதுவாக நடந்து முன்னால் வந்தாள். மூட்டு வலி. வழியில் மூன்று நாற்காலிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வந்து அவர் எதிரில் நின்றாள்.

"சார்ஜன்ட், நான் ரொட்டி வரிசையில நின்னேன்னு இன்னைக்குத்தான் வெளிய சொல்றேன். முப்பத்தேழு வருஷமா ஏன் சொல்லலன்னா, அதச் சொன்னா நான் என் வேலைய விட்டுட்டுப் போனது தெரிஞ்சுடும். அதோட இன்னொன்னும் என்னால சொல்ல முடியாமப் போச்சு. வரிசையில எனக்கு முன்னாடி நின்ன ஆள் யாருன்னு."

சார்ஜன்ட் அவளைப் பார்த்தார்.

"ரெண்டு ரொட்டி வாங்கினாரு அந்த ஆளு" என்றாள். "கடுகு கூடுதலாப் போடச் சொன்னாரு."

பாதிரியார் இருமினார். லென் தன் பூட்ஸைப் பார்த்தான். திரையில் கோட்டு இன்னும் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

   சார்ஜன்ட் மேடை ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எண்பத்தொரு வயது தெரிந்தது.

"நைஜல், பென்சில எடு" என்றார்.

நைஜல் தாளைப் பிரித்தான்.

"இருநூத்திப் பன்னெண்டு. வலது பையில டம்மி. கால்வாயில விழுந்தது டம்மி. முக்குளிக்கறவங்க ரெண்டு நாள் தேடி மூணு சைக்கிளும் ஒரு குளியல் தொட்டியும்தான் எடுத்தாங்க. எப்படிக் கிடைக்கும், ரப்பர் மிதந்து போயிருக்கும். ரப்பர யாரும் எண்ணறதில்ல. ராய் பேர எடுத்துடு."

"அசல்?" என்றான் நைஜல்.

"அசல் கவுன்டர்ல இருந்தது. நான் கவுன்டர்ல இல்ல. எவன் எடுத்துக்கிட்டுப் போனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பூட்டாமப் போனவன் பேரு ஓ. பிளாகெட். அப்படியே எழுது."

நைஜல் எழுதினான். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினான். மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். 'ஆர். டிரப்ஷா' என்ற பெயர் வரவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்போதும் வரவில்லை.

"கடுகப் பத்தி எழுத வேண்டாமே" என்றார் சார்ஜன்ட்.

"எழுது கண்ணு" என்றாள் மேவிஸ். "ஆதாரம்."

எட்னா இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்தாள். சார்ஜன்ட் ஒன்றை எடுத்து முதலில் மேவிஸிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே மேடை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நைஜல் பென்சிலைக் கடித்தபடி நின்றான். "சார்ஜன்ட், முன்னுரையில இன்னைக்கு நடந்ததையும் போடலாம்னு பாக்கறேன். கடைசி வரிசை, ஒத்தக் கண்ணு, உருளைக்கிழங்கு, எல்லாம். ஆனா படிக்கறவன் நம்பமாட்டான். உங்க பேரச் சொல்லிக்கட்டுமா?"

சார்ஜன்ட் மேவிஸைப் பார்த்தார். மேசையில் கிடந்த இரண்டு உருளைக்கிழங்கையும் பார்த்தார். பெரியதைக் கையில் எடுத்து எடை பார்த்து, திரும்ப வைத்தார்.

"நடந்தது" என்றார். "நான் பாத்தேன். எழுதிக்க."